பாலக்காட்டு எல்லையிலிருந்து சவுதிக்கு நர்ஸாகப் போகும் முஸ்லிம் பெண்களுக்கு: பேப்பர் முதல் பழக்கம் வரை

புதுநகரம், கொல்லங்கோடு, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் ராவுத்தர் குடும்பங்களிலிருந்து நர்ஸிங் படித்த பெண்கள் ஒவ்வொரு வருடமும் சவுதிக்குக் கிளம்புகிறார்கள். வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒரு ஆறுதல் உண்டு: "நம்ம தீன் உள்ள நாடுதானே, உனக்கென்ன கஷ்டம்?" அதை நம்பித் தயாராகாமல் போகாதீர்கள். அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் தெரியாமல் ஏதாவது செய்தால் விட்டுவிடுவார்கள். முஸ்லிம் பெண் செய்தால், "உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே" என்பார்கள். மாநில எல்லையில் வாழ்வதால் நமக்குப் பேப்பர் வேலையும் இரண்டு மடங்கு. நான் இந்த வழியாகப் போய் அலைந்து தெரிந்துகொண்டதை, நீங்கள் அலையாமல் இருக்க, வரிசையாக எழுதுகிறேன். முழு வேலைக்கும் ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.

1. எந்தச் சான்றிதழ் எந்த மாநிலத்துக்கு என்று முதலில் பிரியுங்கள்

வீடு கேரளத்தில், படிப்பு கோயம்புத்தூரில் அல்லது பொள்ளாச்சியில், வேலை திரும்பவும் பாலக்காட்டில். நம்மில் பாதிப்பேர் நிலை இதுதான். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: சான்றிதழ், அதைக் கொடுத்த மாநிலம், அடுத்துப் போக வேண்டிய அலுவலகம்.

பட்டச் சான்றிதழைச் சரிபார்த்து முத்திரை வைப்பது அதைக் கொடுத்த மாநிலத்தின் வேலை. கேரளச் சுகாதாரப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் நோர்க்கா ரூட்ஸ் (வெளிநாடு போகும் மலையாளிகளுக்கான கேரள அரசு நிறுவனம்) மையத்தில் முடியும். எர்ணாகுளம், கோழிக்கோடு, திருவனந்தபுரத்தில் மையங்கள் இருக்கின்றன. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் முதல் முத்திரை தமிழ்நாட்டில்தான் கிடைக்கும். ஆதாரில் கேரள முகவரி இருப்பதால் அது மாறாது. அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல வைக்கும் முத்திரை. சவுதியில் அப்போஸ்டில் 2022 டிசம்பர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னமும் "டெல்லி எம்பசி அட்டஸ்டேஷன்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் ஏஜென்டுகள் உண்டு. என்ன முத்திரை, எதற்கு, யார் கேட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய்தான். மேலே வாங்குவதெல்லாம் சேவைக் கூலி.

நர்ஸிங் கவுன்சில் பதிவு இதைவிட முக்கியம். தமிழ்நாட்டுக் கவுன்சிலில் மட்டும் பதிந்துவிட்டுப் பாலக்காட்டு மருத்துவமனையில் வேலை பார்த்தால், அந்த அனுபவம் சரிபார்ப்பில் கேள்விக்குள்ளாகும். கேரளத்தில் வேலை செய்ய கேரளக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். வெளிநாட்டு எண்ணம் இல்லாதவர்கள்கூட இதை இன்றே செய்துவிடுங்கள். கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்று (உங்கள் பதிவில் குறை இல்லை என்ற சான்று) சில மாதங்களில் காலாவதியாகிவிடும் என்பதால், அதை மட்டும் சீக்கிரமே வாங்கி வைக்க வேண்டாம்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

நம் ஊர்ப் பெயர்களில் பெரிய தொல்லை இன்ஷியல். எஸ்.எஸ்.எல்.சி.யில் "ஏ. ஷாஹிதா பானு", பட்டத்தில் "ஷாஹிதாபானு ஏ", பாஸ்போர்ட்டில் அத்தா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரும் சேர்ந்தால் நாலாவது வடிவம். சவுதியில் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் ஏறும். அதனால் பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து, மற்ற பேப்பர்களில் உள்ள ஒவ்வொரு வடிவமும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் எடுத்துவிடுங்கள். எழுத்தே மாறியிருந்தால் அஃபிடவிட்டை மட்டும் நம்பாமல் சான்றிதழைத் திருத்த விண்ணப்பியுங்கள்.

புது பாஸ்போர்ட்டுக்கு 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய்; தட்கல் என்றால் மேலும் 2,000. கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், பெயர் மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்று இப்போதே முடிவெடுங்கள். நடுவழியில் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

நிக்காஹ் ஆனவர்கள் கவனிக்க: ஜமாத் கொடுக்கும் நிக்காஹ் சான்று போதாது. திருமணம் எங்கே நடந்ததோ அங்கே அரசுப் பதிவு வேண்டும். கேரளத்தில் பஞ்சாயத்து அல்லது நகராட்சி, தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகம். மாப்பிள்ளை வீடு ஆனைமலையில், நிக்காஹ் அங்கே என்றால் கொல்லங்கோட்டுப் பஞ்சாயத்தில் பதிய முடியாது. இந்தச் சான்று குடும்ப விசாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அங்கே கர்ப்பமாகி மருத்துவமனைக்குப் போனாலும் கேட்பார்கள். திருமணம் இல்லாத கர்ப்பம் அங்கே சட்ட விவகாரம். அப்போஸ்டில் செய்த பிரதி ஒன்று எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

3. அனுபவச் சான்று, டேட்டாஃப்ளோ, தேர்வு

அதிகப்பேர் மாட்டுவது இங்கேதான்.

சவுதியில் நர்ஸாக வேலை செய்ய அந்நாட்டுச் சுகாதார நிபுணத்துவ ஆணையத்தின் வகைப்பாடு வேண்டும். முமாரிஸ் பிளஸ் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு முடித்து, புரோமெட்ரிக் தேர்வு எழுத வேண்டும். தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். பி.எஸ்ஸி. படித்தவரை ஸ்பெஷலிஸ்ட் என்றும், ஜி.என்.எம். டிப்ளமா படித்தவரை டெக்னீஷியன் என்றும் வகைப்படுத்துவார்கள். சம்பளம் அதையொட்டியே அமையும். ஒப்பந்தத்தில் உங்கள் வகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாஃப்ளோ நிறுவனம் உங்கள் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் வேலை பார்த்த மருத்துவமனைக்கும் நேரடியாக எழுதி, "இவர் கொடுத்தது உண்மையா" என்று கேட்கும். எல்லையோரச் சிறிய நர்ஸிங் ஹோம்களில் அந்த மெயிலைத் திறந்து பார்க்க ஆளே இருக்காது. பதில் வராவிட்டால் சரிபார்க்க முடியவில்லை என்று அறிக்கை வரும். கட்டிய பணம் போனதுதான். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே நேரில் போங்கள். யார் பதில் எழுதுவார், எந்த மெயில் முகவரி, எந்த போன் எண் என்று கேட்டு அதையே படிவத்தில் கொடுங்கள். சம்பளப் பட்டியல், வேலையில் சேர்ந்த கடிதம், விலகிய கடிதம் மூன்றிலும் தேதி ஒத்துப்போக வேண்டும். ஒரு மாதம் கூட்டிப் போட்டுத் தருகிறேன் என்று மேனேஜர் அன்பாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய்ச் சான்று என்று முடிவானால் அந்தக் குறை உங்கள் பெயரிலேயே நிற்கும். சவுதி மட்டுமல்ல, டேட்டாஃப்ளோ அறிக்கை கேட்கும் மற்ற வளைகுடா நாடுகளிலும் அது பின்தொடரும்.

பெரும்பாலான மருத்துவமனைகள் இரண்டு வருட அனுபவம் கேட்கும். டேட்டாஃப்ளோவுக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அப்போஸ்டில் வேலையை அதனுடன் சேர்த்தே நடத்துங்கள். ஒன்று முடிய இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை.

4. யார் வழியாகப் போவது, எவ்வளவு கொடுப்பது

சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்களுக்கு 2015 முதல் இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயம். உங்கள் பாஸ்போர்ட் இ.சி.என்.ஆர். (பொதுவாக இந்த அனுமதி தேவைப்படாத) வகையாக இருந்தாலும் கட்டாயம்தான். "நீ பட்டதாரி, உனக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். "முதலில் விசிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவரிடமிருந்து இன்னும் வேகமாக விலகுங்கள்.

என் யோசனை: முதலில் அரசு நிறுவனங்களைப் பாருங்கள். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஓடெபெக்; தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். சவுதி சுகாதார அமைச்சக மருத்துவமனைகளுக்கு நோர்க்கா வழியாகப் பெண் நர்ஸ்களை எடுக்கிறார்கள். தனியார் ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இமிக்ரேட் தளத்தில் அவர்கள் பதிவு உயிருடன் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். ஆக 35,400 ரூபாய். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அந்தக் கடனுக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் மோசமான இடத்திலும் வாயை மூடிக்கொண்டு நாள் தள்ளுகிறார்கள்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறப்புக்கு 10 லட்சம் வரை. பயணத்துக்கு முந்தைய ஒரு நாள் அறிமுக வகுப்பு நடக்கும், போய் உட்காருங்கள்.

5. ஒப்பந்தத்தை வரி வரியாக

அரபியிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சவுதி சட்டப்படி அரபிதான் செல்லும். மதரஸாவில் ஓதியதால் நமக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள அது போதாது. அரபி தெரிந்த ஒரு ஹஜ்ரத்திடம் சம்பளம், காலம், வேலைப் பெயர் இந்த மூன்று வரியையாவது காட்டுங்கள்.

பார்க்க வேண்டியவை இவை. அடிப்படைச் சம்பளம் தனியாக எவ்வளவு. வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி. ரமலானில் முஸ்லிம்களுக்கு நாளுக்கு 6, வாரத்துக்கு 36 மணி. இந்த ரமலான் விதியைப் பல நர்ஸ்கள் கேட்பதே இல்லை, கேளுங்கள். ஓவர்டைம் என்றால் ஒவ்வொரு மணிக்கும் மணிக்கூலியோடு, ஒரு மணிக்கான அடிப்படைச் சம்பளத்தின் பாதியும் சேரும். வருட விடுப்பு 21 நாள், ஐந்து வருடத்துக்குப் பிறகு 30 நாள். வேலைக்கு எடுக்கும் செலவும் இக்காமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை), வொர்க் பெர்மிட் கட்டணமும் முதலாளி பொறுப்பு. அவற்றை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதாக ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் முடியும் முன் தகுந்த காரணமில்லாமல் திரும்பினால் டிக்கெட் உங்கள் செலவு.

முஸ்லிம் பெண்களுக்கென்று இன்னொன்று: கணவர் இறந்தால் இத்தா இருக்க நான்கு மாதம் பத்து நாள் முழுச் சம்பளத்துடன் விடுப்பு அங்கே சட்ட உரிமை. யாருக்கும் தேவைப்படக் கூடாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

"சிங்கிள் ஸ்டேட்டஸ்" என்று இருந்தால் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியாது என்றே கணக்குப் போடுங்கள். கூட்டிப்போக வழியிருந்தாலும் உடன் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் வரி உண்டு.

6. மெடிக்கல், விசா, பயணம்

மெடிக்கலுக்கு வாஃபித் என்ற தளத்தில் பதிந்து, அது ஒதுக்கும் மையத்துக்குப் போக வேண்டும். கொச்சி, கோழிக்கோடு, சென்னையில் மையங்கள் உள்ளன. சின்ன வயதில் காசநோய் வந்து ஆறிய தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே தகுதியில்லை என்று போட்டுவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே சொந்தமாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மெடிக்கல் அறிக்கைக்கு ஆயுள் குறைவு. மற்ற பேப்பர் எல்லாம் தயாரான பிறகு எடுங்கள்.

கைரேகைக்கு விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும். நமக்குக் கொச்சி வசதி. விசாவுக்குப் போலீஸ் சான்று இந்தியர்களுக்கு 2022 நவம்பரில் நீக்கப்பட்டது. மருத்துவமனை தனியாகக் கேட்டால் மட்டும் பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாயில் எடுங்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ரியாத், ஜித்தாவுக்கு நேர் விமானம் நம் பக்கத்தில் கரிப்பூரிலும் (கோழிக்கோடு விமான நிலையம்) கொச்சியிலும்தான் கிடைக்கும். தனியாக முதல் பயணம் போகும் பெண்ணுக்கு நடுவில் விமானம் மாறாமல் போவது நிம்மதி.

7. பெட்டியில் வைக்கக் கூடாதவை

கசகசா. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு. அம்மா கட்டிக்கொடுக்கும் பொடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்து வையுங்கள்.

தாயத்து, ஓதிய கயிறு, தகடு, தர்காவிலிருந்து கொண்டுவந்த எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் பிள்ளை வெளியூர் போனால் இடுப்பிலோ பெட்டியிலோ ஒன்றைக் கட்டிவிடுவார்கள். சவுதியில் அதைச் சூனியப் பொருளாகப் பார்ப்பார்கள். சூனியம் அங்கே கடுமையான குற்றம். பாட்டியிடம் இதை விளக்குவது கஷ்டம்தான். வருத்தப்படாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

டிராமடால், கோடீன், பிரெகாபலின் சேர்ந்த மாத்திரைகள் முன்அனுமதி இல்லாமல் வேண்டாம். நர்ஸ் பெட்டியில் அது கிடைத்தால் கேள்வி இன்னும் கூடும்.

8. இறங்கிய முதல் மூன்று மாதம்

90 நாளுக்குள் இக்காமா கைக்கு வர வேண்டும். அது வந்தால்தான் வங்கிக் கணக்கு, அப்ஷிர் (அரசுச் சேவைகளுக்கான தளம்), கிவா (வேலை ஒப்பந்தங்களுக்கான தளம்) எல்லாம். அப்ஷிர் உங்கள் போன் எண்ணில், உங்கள் கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். ஹாஸ்டல் வார்டனோ கூட வேலை செய்பவரோ திறந்து கொடுக்கிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அங்கத்திய சட்டத்திலேயே அனுமதி இல்லை. கிவாவில் உங்கள் ஒப்பந்தம் ஏறும்போது, ஊரில் கையெழுத்திட்ட தொகையும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

லீவுக்கு வர எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா: இரண்டு மாதம் வரை 200 ரியால், அதற்கு மேல் மாதத்துக்கு 100. சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டால் "ஹுரூப்", அதாவது வேலையை விட்டு ஓடிப்போனவர், என்று பதிந்துவிடுவார்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஹாஸ்டலை விட்டு அப்படியே வெளியேறக் கூடாது.

9. உடை, வெளியே போவது, போன்

சவுதி நிறைய மாறிவிட்டது. 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள். 2019 டிசம்பரில் உணவகங்களில் ஆண் பெண் தனி வாசல் கட்டாயம் போனது. வெளிநாட்டுப் பெண்ணுக்கு அபாயா சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் ரியாத், ஜித்தாவில் பார்ப்பதை வைத்து, பழைய வழக்கம் விடாத புரைதா போன்ற ஊர்களைக் கணக்கிடாதீர்கள். அங்கும் சிற்றூர்களிலும் முகமும் மூடிய பெண்களே அதிகம். ஊரிலிருந்து ஒரே ஒரு பர்தா கொண்டுபோங்கள். மற்றதை அங்கே உள்ள பெண்களைப் பார்த்து, அந்த ஊருக்கு ஏற்றபடி வாங்குங்கள்.

ஹாஸ்டல்களில் இன்றும் நேரக் கட்டுப்பாடும் கையெழுத்துப் புத்தகமும் இருக்கும். வாராந்திர ஷாப்பிங் பஸ்தான் பலருக்கு வெளியுலகம். அதைச் சிறை என்று நினைத்து அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் குறையும் இல்லை, தீன் சொன்னதும் இல்லை; அந்த நிர்வாகத்தின் விதி, அவ்வளவுதான். சேரும் முன்பே அங்கே வேலை செய்யும் ஒருத்தியிடம் இரவு எத்தனை மணி வரை, வெளியே தங்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். டாக்ஸியில் பின் சீட்டு. கூட வேலை செய்யும் மலையாளி அண்ணன் காரில் லிஃப்ட் தருகிறேன் என்றால், நல்ல மனிதராகவே இருந்தாலும், தனியாக ஏறாதீர்கள். பேச்சு கிளம்பினால் அதன் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

நோயாளியை, மற்றவர் முகத்தை, வார்டைப் படம் எடுக்காதீர்கள். போன் கேமராவால் அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிட்டால் ஒரு வருடம் வரை சிறையும் ஐந்து லட்சம் ரியால் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. கேரளத்தில் சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் நமக்குப் பழக்கம். அங்கே இரண்டுக்கும் இடமில்லை. வார்டு வாட்ஸ்அப் குழுவில்கூட அந்தப் பேச்சு வேண்டாம்.

10. தொழுகை, உம்ரா, வசூல்

நாம் ஹனஃபி. அங்கே அஸர் பாங்கு நமக்குப் பழக்கமான நேரத்துக்கு முன்பே கேட்கும். வித்ரு தொழும் முறையும் வேறாக இருக்கும். பதறாதீர்கள், யாரோடும் வாதாடவும் வேண்டாம். மருத்துவமனையிலும் கடைவீதியிலும் பெண்கள் தொழ தனி இடம் இருக்கும். ஊரில் பள்ளிவாசலுக்குப் போகாத நமக்கு அது புதிது, மனதுக்கு இதம். மவ்லூது, கத்தம் ஃபாத்திஹா போன்றவற்றை ஹாஸ்டலில் கூட்டம் சேர்த்து நடத்தக் கூடாது.

மஹ்ரம் (கணவர் அல்லது நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் உம்ரா போக இப்போது அரசுத் தடை இல்லை. சவுதி அரசின் நுசுக் செயலியில் நேரம் பதிந்து போகலாம். மார்க்கப்படி சரியா என்பதை வீட்டில் பேசி, உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவெடுங்கள். ஹஜ் மட்டும் பெர்மிட் இல்லாமல் முயலவே கூடாது. 2025இல் அதற்கு அபராதம் 20,000 ரியால் வரை அறிவித்தார்கள். நாடு கடத்தவும் செய்வார்கள்.

ஊர்ப் பள்ளிவாசல் கட்டவோ ஏழைப் பெண் கல்யாணத்துக்கோ அங்கே வசூல் செய்யாதீர்கள். அனுமதி இல்லாத வசூல் குற்றம். உங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

11. பிரச்சினை வந்தால்

சம்பளம் நின்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிலைச் சேமியுங்கள். அப்புறம் சவுதி தொழிலாளர் அமைச்சகத்தின் ஆன்லைன் புகார், கூடவே இந்தியத் தரப்பில் "மதத்" (MADAD) தளம். அது நம் வெளியுறவு அமைச்சகத்தின் புகார்த் தளம். ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் உள்ளன; எந்தப் பகுதி எதற்குக் கீழ் வரும் என்று போகும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ரியாத், மக்கா, கிழக்கு மாகாணத்தில் 911, ஆம்புலன்ஸ் 997.

ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா, இக்காமா நான்கின் பிரதியையும் ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்ப, என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாட்டு வருமானத்தை அனுப்பி வைக்கும் இந்தியக் கணக்கு) உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள். பழைய சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழ்பவரின் உள்நாட்டுப் பணத்துக்கான கணக்கு) ஆக மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று சம்பளத்திலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைப் பிரித்து சவுதியிலேயே உங்கள் கணக்கில் வையுங்கள். வீட்டில் எந்தத் தேவை வந்தாலும் அதை எடுக்காதீர்கள்.